சம்பந்திகள் கட்டிய தொட்டி

பெட்டிகள் வந்து இறங்கியபோது வீட்டில் விழித்திருந்த ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். இருவரும் சம்பந்திகள். கஷ்டம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சம்பந்திகள் சண்டை போட்டுக்கொள்ளலாம், வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கலாம், ஒருவர் வீட்டுக் காபியை இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் குறை சொல்லலாம். சேர்ந்து ஒரு வேலை செய்வது மட்டும் ஆகாத காரியம். பெண்ணின் அப்பா பெட்டியின் ஒரு முனையில் கை வைத்தார். "ஐயையோ, நீங்க எதுக்கு சம்பந்தி? உக்காருங்க!" என்று பையனின் அப்பா மறுமுனைக்கு ஓடினார். "இதுல என்ன இருக்கு, நீங்க உக்காருங்க." "நீங்க நிக்கும்போது நான் உக்கார்றதா?" லாரியில் கொண்டுவந்தவர்கள் கொஞ்ச நேரம் இந்த உபசாரத்தை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தாங்களே பெட்டிகளைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

பெண்ணின் அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர். அவர் ஊரில் அவரை ஃபிரேம்காரர் என்றுதான் சொல்வார்கள். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. கடையையும் கைமாற்றிவிட்டார். மிச்சம் இருப்பது ஒரே மகள். பையனின் அப்பா பேக்கரிக்காரர். அவரும் அடுப்பை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருந்தார். ஓய்வு என்றால், நாள் முழுக்க வீட்டுக்குள் ஏதாவது ஒன்றைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் விழிப்பது.

மகள் வேலை பார்த்த அலுவலகத்தின் மாடிப்படியில் இடறி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். ஆனால் அவள் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்றாள். வலி ஒரு பங்கு என்றால் பயம் மூன்று பங்கு. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் தத்தித் தத்திக் கழிவறைக்குப் போவாள், வருவாள், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். பயிற்சி கொடுக்க வந்த ஃபிசியோ பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவங்கள மார்பளவு தண்ணில தினம் நடக்க வைங்க. தண்ணி பாரத்த வாங்கிக்கும், பயமும் போயிடும். தள்ளிப்போட்டீங்கன்னா தசை செத்துடும், அப்பறம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொது நீச்சல் குளத்துக்குப் போகலாம் என்றதும் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அத்தன பேர் பாக்க நான் நொண்டிக்கிட்டு இறங்கணுமா?"

ஃபிரேம்காரர் வந்ததே மகளைக் கூட்டிப் போகத்தான். அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மருத்துவமனை. இந்த மாதிரிப் பயிற்சிக்கென்றே அதற்குள் சின்னதாகக் குளம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு நோயாளி, ஒரு நர்ஸ், வேறு யாரும் பார்க்க முடியாது. அவர் கிளம்புவதற்கு முன்பே குளியலறைச் சுவரில் கைப்பிடி பதித்து, கட்டிலின் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தி, புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டு வந்திருந்தார். வெறும் வீட்டில் இத்தனை நாள் தன் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த மனுஷன். மகள் மறுபடி வந்து இருக்கப் போகிறாள் என்ற நினைப்பில் ஆணி அடிக்கும்போதே பாட்டு முணுமுணுத்தார். மகளுக்கு அடிபட்டதில் சந்தோஷப்படுகிறோமோ என்று நடுவில் தோன்றவும் சட்டென்று பாட்டை நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை நல்ல பையன். மனைவியை அனுப்ப மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். மறுநாள் பார்த்தால் தரைக்கு மேலே நிற்கிற ஒரு நீச்சல் தொட்டியை வாங்கிவிட்டான். இரும்புத் தகட்டில் வட்டமான சுவர், உள்ளே நீல நிற விரிப்பு, பம்ப், ஃபில்டர், எல்லாம் சேர்த்து. வாங்கிவிட்டு இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். பட்டனை அமுக்கியது அவன், மண் சுமக்க வேண்டியது அப்பாக்கள்.

மகளிடம் கேட்டார்கள். அவள் இரண்டு அப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தொட்டி நல்லா வந்துச்சுன்னா இங்கயே இருந்து நடந்து பாக்கறேன். சரிவரலேன்னா உங்ககூட வந்துடறேன்பா."

ஆக, மகள் தன்னோடு வராமல் இருப்பதற்கு என்ன வேலை உண்டோ அந்த வேலையில்தான் ஃபிரேம்காரர் கை கொடுக்க வேண்டியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சம்பந்தி வெயிலில் மண்வெட்டியோடு நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

தொட்டியோடு ஒரு விளக்கப் புத்தகம் வந்திருந்தது. எழுத்து பொடியாக இருந்தாலும் படங்கள் பெரிதாக இருந்தன. முதல் பக்கத்திலேயே இரண்டு படம். ஒன்றில் ஒரு ஆள் மேடான பக்கத்தை வெட்டுகிறான், கீழே சரி என்று குறி. இன்னொன்றில் அதே ஆள் பள்ளமான பக்கத்தில் மண்ணைக் கொட்டுகிறான், அவன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. கொட்டின மண் என்றைக்கும் கொட்டின மண்தான். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் மேலே ஏறும்போது அது அமுங்கும். ஒரு பக்கம் அமுங்கினால் தொட்டி சாயும், சாய்ந்த பக்கம் தண்ணீர் இன்னும் சேரும், கடைசியில் தகடு பிளந்துகொள்ளும். எழுத்துக்கூட்டிப் படித்த ஃபிரேம்காரருக்கு அது நன்றாகவே புரிந்தது.

நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி வட்டம் போட்டார்கள். புல்லைச் செதுக்கி எடுத்தார்கள். நீளமான பலகையை முளையின் மேல் ஒரு முனையும் விளிம்பில் ஒரு முனையுமாக வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, கடிகார முள் சுற்றுவது போலச் சுற்றி வந்தார்கள். மதில் பக்கம் மேடு, சமையலறைப் பக்கம் பள்ளம். வித்தியாசம் ஒரு சாண் இருக்கும். மதில் பக்கத்து மண் கெட்டி. மண்வெட்டி பட்டால் தீப்பொறி பறக்காத குறை.

ஃபிரேம்காரர் கொஞ்ச நேரம் வெட்டினார். நிமிரும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் அதைப் பார்த்தார்.

"எதுக்கு சம்பந்தி இவ்ளோ கஷ்டப்பட்டுக்கிட்டு? செதுக்கின மண்ணுதான் இவ்ளோ கெடக்கே. இந்தப் பக்கம் தள்ளி நல்லா மிதிச்சுவிட்டா மட்டம் வந்துடும்."

ஃபிரேம்காரரின் வாய் வரை வந்தது. சிவப்புப் பெருக்கல் குறி கண்ணுக்குள் நின்றது. ஆனால் பையனைப் பெற்றவர் சொல்கிறார். அவர் வீடு, அவர் தோட்டம், அவர் மகன் வாங்கிய தொட்டி. சொல்ல வந்ததை மென்று விழுங்கினார். "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி" என்றார்.

பேக்கரிக்காரர் மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, மாவு பிசைகிற மாதிரி இரண்டு காலாலும் மிதித்தார். அனுபவித்துச் செய்தார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி பதவிசாக நடுவில் போய் உட்கார்ந்தது. "பாத்தீங்களா!" என்றார் பெருமையாக. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் ஃபிரேம்காரர் அந்தப் பக்கம் போய்க் குதிகாலை அழுத்திப் பார்த்தார். கால் கணுவரைக்கும் இறங்கியது. காலை எடுத்துவிட்டு, பள்ளத்தைக் காலாலேயே தள்ளி மூடினார்.

மரியாதைக்காகச் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி நம்பவும் நம்பினார். மீதிப் பாதியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பும்போதே சாய்ந்துவிடும். யாருக்கும் அடிபடாது. எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். "பரவால்ல சம்பந்தி, நம்ம கையில என்ன இருக்கு" என்று இவரும் ஆறுதல் சொல்வார். மறுநாள் மகளோடு வண்டி ஏறுவார். இவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பது ஒரு தப்பா? என்னைக் கேட்டால், உலகத்தில் பெரிய பெரிய தப்புகளில் பாதி சும்மா இருந்தே நடந்தவை. என்னை யாரும் அப்போது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை விறுவிறுவென்று நடந்தது. வட்டத்தைச் சுற்றிக் கல் பலகைகளைப் பதித்தார்கள். சலித்த மணலைப் பரப்பினார்கள். பேக்கரிக்காரர் பலகையால் மணலை இழுத்து மழித்த அழகைப் பார்க்க வேண்டும், கேக்கின் மேல் க்ரீம் தடவுவது போல இருந்தது. தகட்டுச் சுருளைப் பிரிக்கும்போது அது பிடியை மீறி விரிந்து ஆளை அடிக்கப் பார்த்தது. சமையலறையிலிருந்து சம்பந்தியம்மா ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தோடு எழுந்துவந்த மாப்பிள்ளை இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டான். "அண்ணா, நீங்க விடுங்க, நான் பிடிச்சிக்கறேன்" என்று அவள் சொல்ல, "நீங்க எதுக்கும்மா" என்று இவர் சொல்ல, நடுவில் தகடு மறுபடி சுருண்டுகொண்டது. ஒரு வழியாகச் சுவர் வட்டமாக நின்றது. இரும்புக் கால்களை மாட்டினார்கள். நீல விரிப்பை வெயிலில் காயப்போட்டு இளக்கி, உள்ளே இறக்கி, வெறுங்காலோடு நடந்து சுருக்கம் நீவினார்கள். ஹோஸைப் போட்டுத் தண்ணீரைத் திறந்தார்கள்.

தொட்டிச் சுவரில் இரண்டு வாய் உண்டு. மேலே இருப்பது பம்புக்குத் தண்ணீரை இழுக்கும் வாய். அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, ஃபில்டரில் சுத்தமான தண்ணீர் திரும்பி வரும் வாய். தகட்டில் ஓட்டை போட்டே வந்திருக்கும், விரிப்பில் இருக்காது. தண்ணீர் ஏறி, விரிப்பு நன்றாக இழுத்துப் படிந்த பிறகுதான் அந்த இடத்தில் கத்தியால் கிழிக்க வேண்டும். முன்னாலேயே கிழித்தால் தண்ணீர் பாரத்தில் இழுபட்டுக் கிழிசல் ஓடிவிடும். ஒரு தடவை கிழித்துவிட்டால் அந்த விரிப்பைக் கழற்றி இன்னொரு தரம் போடவும் முடியாது, ஓட்டை இடம் மாறிப்போகும். புத்தகத்தில் கத்திப் படத்துக்குப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள்.

தண்ணீர் ஏறுவதற்கு வெகு நேரம் பிடித்தது. ஃபிரேம்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாள் முழுக்கச் சுவரில் கோணலாகத் தொங்கும் படங்களைப் பார்த்தவுடன் கை பரபரத்த மனுஷன். இப்போது அந்தக் கண் அவரைப் படுத்தியது. சமையலறைப் பக்கம் தண்ணீர்க் கோடு, மற்றப் பக்கங்களைவிடச் சுவரின் மேல் விளிம்புக்கு ஒரு விரல் கிட்டே இருந்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தப் பக்கத்துக் கல் பலகைகள் மெல்ல இறங்க ஆரம்பித்திருந்தன. அவர் நினைத்ததுதான் நடக்கிறது. ஆனால் அவர் நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. மெதுவாக நடக்கிறது. இப்படியே போனால் தொட்டி இன்றைக்குச் சாயாது. நிறைந்து நிற்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், மகள் இறங்குவாள். பிறகு ஒரு நாள், அவள் உள்ளே விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சாயும்.

இது அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை.

கீழ் வாய்க்குப் பக்கம் தண்ணீர் வந்ததும் பேக்கரிக்காரர் புது மடக்குக் கத்தியை விரித்து, கைப்பிடிப் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது உங்க வேல சம்பந்தி. எத்தன படம் நறுக்கின கை! நான் வெட்டினா கோணிக்கும்."

ஃபிரேம்காரர் கத்தியை வாங்கிக்கொண்டார். தொட்டி விளிம்பில் குனிந்து, விரிப்புக்கு அடியில் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். கத்தி முனை அங்கே போய் நின்றது.

"அப்பா!"

ஜன்னலிலிருந்து மகள். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். ஊன்றுகோல் பக்கத்தில் இல்லை.

"எவ்ளோ ஏறியிருக்குப்பா? என் இடுப்பு வரைக்கும் வருமா இப்போ?"

விழுந்த நாளிலிருந்து அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. சாப்பாடு என்றால் ஊம், மாத்திரை என்றால் ஊம். அவள் குரலில் அந்த அவசரத்தை, சின்ன வயதில் கடைக்கு ஓடிவந்து "ஆச்சாப்பா, முடிஞ்சுதாப்பா" என்று கேட்கும் அதே அவசரத்தை, அவர் மறந்தே போயிருந்தார். அவருக்குக் கண் கலங்கியது. தன் மேலேயே அவ்வளவு வெறுப்பு வந்தது.

கத்தியை மடக்கினார்.

"தண்ணிய நிறுத்துங்க சம்பந்தி."

"ஏன்? இன்னும் கொஞ்சம்..."

"நிறுத்துங்க. இந்தப் பக்கம் மண்ணு அமுங்குது. நிக்காது. எல்லாத்தையும் கழட்டணும்."

பேக்கரிக்காரர் சமையலறைப் பக்கம் வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"இப்பதான் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவருக்கும் மரியாதை மிஞ்சும், இவருக்கும் மிஞ்சும். ஃபிரேம்காரர் ஒரு நிமிஷம் அந்த ஆமாமை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்ல. நீங்க மண்ணத் தள்ளின அன்னிக்கே தெரியும். புக்குல படம் போட்டிருந்துச்சு. மிதிச்சும் பாத்தேன், கால் உள்ள போச்சு. வாயத் தொறக்கல."

"ஏன் சம்பந்தி? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மரியாதைக்குன்னு..."

"மரியாதைக்குன்னு சொன்னா பொய்யாயிடும். தொட்டி சரிவரலேன்னா பொண்ணு என்கூட வந்துடுவா. அதான்."

பேக்கரிக்காரர் வாயிலிருந்து, அந்த வீட்டுச் சுவர்கள் இதுவரை கேட்டிராத ஒன்று வந்தது.

"யோவ்!"

சமையலறையில் ஒரு தட்டு கீழே விழுந்தது. சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"யோவ், அவ உள்ள நிக்கும்போது இது பொளந்திருந்தா? கால ஊன முடியாத பொண்ணுய்யா! வாரி அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்! உம் பொண்ணுய்யா அவ! நீ இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நின்னத பாத்துட்டுதான்யா நான் தோண்ட வேணாம்னேன். அந்தப் படத்த நானும்தான் பாத்தேன். இந்த வயசுல இவர எதுக்கு வதைக்கணும், நல்லா மிதிச்சா நின்னுடும்னு நெனச்சேன். உனக்காகன்னு நான் ஒண்ணு செஞ்சா, நீ அதயே..."

"ஐயோ, சம்பந்திய யோவ்ங்கறீங்களே! என்னங்க ஆச்சு?" என்று சம்பந்தியம்மா கையைப் பிசைந்தாள்.

"நீ உள்ள போ!"

அவள் போகவில்லை. கொஞ்சம் பின்னால் மட்டும் நகர்ந்துகொண்டாள்.

தனக்காகத்தான் அந்த மண் தள்ளப்பட்டது என்பது ஃபிரேம்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டியது உறைக்கவில்லை, இதுதான் உறைத்தது. பிரியமாகச் செய்த ஒரு தப்பைத் தான் எப்படிப் பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தோம் என்று நினைத்தபோது கால் கூசியது. தண்ணீர்க் குழாயைப் போய் மூடினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"மேட்டப் பூரா நான் வெட்டறேன்" என்றார்.

"கிழிச்ச. முதல்ல தண்ணிய வெளிய விடணும். விரிப்பு சுருங்கறதுக்குள்ள எல்லாம் முடியணும். நீ வெட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த வருஷம் வந்துடும். கடப்பாரைய நான் போடறேன், நீ மண்ண அள்ளு."

தண்ணீரை ஹோஸ் வழியாக இழுத்து மதிலோரச் செடிகளுக்கு விட்டார்கள். செடிகளுக்கு யோகம். கால்களைக் கழற்றி, விரிப்பை மடித்து நிழலில் ஈரத்துணி போட்டு வைத்து, தகட்டைச் சுருட்டி, மணலை அள்ளி ஓரம் கட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்துவந்து பார்த்துவிட்டு, "அப்பா, நேத்து இங்க ஒரு தொட்டி இருந்துச்சே" என்றான். இரண்டு அப்பாக்களும் சேர்ந்து அவனை முறைத்தார்கள். அவன் பேசாமல் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டான்.

தள்ளின மண்ணை எல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு, மேட்டைக் கெட்டித்தரை வரைக்கும் வெட்டி இறக்கினார்கள். பேக்கரிக்காரர் கடப்பாரையை ஓங்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று சொல்லித் திட்டினார். "குனிஞ்சு அள்ளுய்யா, படம் மாட்டற மாதிரி நிக்காத." "இடுப்பு வலிக்குதுன்னா சொல்லித் தொலை, மனசுக்குள்ள வெச்சுக்காத." ஃபிரேம்காரருக்கு இடுப்பு வலித்தது. வலிக்கிறது என்று சொன்னார். "உக்காரு, தண்ணி குடி" என்றார் மற்றவர், உபசாரம் எதுவும் இல்லாமல். இவரும் மறுப்பேதும் சொல்லாமல் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவர் முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

இரண்டாம் தடவை தண்ணீர் ஏறியபோது கோடு நேராக நின்றது. ஃபிரேம்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், எந்தப் பக்கமும் நூலளவு வித்தியாசம் இல்லை. கத்தியை எடுத்துக் கீழ் வாயில் விரிப்பைக் கிழித்தார். ரப்பர் வாஷரை வைத்து, முகப்பை வைத்து, திருகுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அந்த வாயை மூடி போட்டு அடைத்துவிட்டு, தண்ணீர் இன்னும் ஏறியதும் மேல் வாயையும் அப்படியே செய்தார். அதற்குள் பேக்கரிக்காரர் பம்பையும் ஃபில்டரையும் கல் மேடையில் நிறுத்தி, ஃபில்டர் வயிற்றில் வடிகட்டும் மணலைக் கொட்டியிருந்தார்.

குழாய் மாட்டுவதுதான் கடைசி வேலை. இழுக்கும் வாயிலிருந்து பம்புக்கு ஒரு ஹோஸ், பம்பிலிருந்து ஃபில்டருக்கு ஒன்று, ஃபில்டரிலிருந்து திரும்பும் வாய்க்கு ஒன்று. ஒவ்வொரு திருகு மரையிலும் வெள்ளை டேப் சுற்ற வேண்டும். பேக்கரிக்காரர் காயத்துக்குக் கட்டுப் போடுவது போல வாஞ்சையாகச் சுற்றிக்கொண்டே போனார். சுற்றிய திசைதான் தலைகீழ். முடுக்க முடுக்க டேப் எல்லாம் சுருண்டு வெளியே வந்தது. ஃபிரேம்காரர் பார்த்தார்.

"சம்பந்தி, தப்பாச் சுத்தறீங்க. அந்தப் பக்கம் சுத்தணும்."

"இப்ப மட்டும் வாய் வருதாக்கும்" என்று சொல்லிவிட்டு, பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் உரித்து எடுத்து மறுபடி சுற்றினார்.

பம்பின் மூடியைத் திறந்து முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வால்வைத் திருப்பி, சுவிட்சைப் போட்டார்கள். முதலில் வெறும் உறுமல். பிறகு கீழ் வாயிலிருந்து குபுகுபுவென்று காற்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று நின்று, தண்ணீர் சீராகத் தள்ளத் தொடங்கியது. மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்கள், எங்கேயும் ஈரம் இல்லை. சம்பந்தியம்மா மட்டும் கைதட்டினாள், பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

மகள் இறங்குவதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த அகலமான படி செய்திருந்தார்கள். ஃபிசியோ பெண் முன்னால் இறங்கிப் பின்னோக்கி நடக்க, மாப்பிள்ளை பின்னாலிருந்து தாங்க, அவள் ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியாக உள்ளே இறங்கினாள். ஃபிரேம்காரர் பார்க்கத் துணியவில்லை. வால்வைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பம்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் தொட்டிச் சுவர்தான் தெரியும். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது.

ஃபிசியோ பெண்ணின் குரல் கேட்டது. "ஊனுங்க. ஊனுங்க. பயப்படாதீங்க, தண்ணி பிடிச்சுக்கும்." பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு யாரோ, மாப்பிள்ளைதான், அழுகிற மாதிரி சிரித்தான்.

சுவரின் விளிம்புக்கு மேலே மகளின் தலை தெரிந்தது. தலையும் தோளும் மட்டும். அது மெல்ல இடமிருந்து வலமாக நகர்ந்தது. தத்தவில்லை, ஏறி இறங்கவில்லை, ஒரே உயரத்தில் போனது. இரண்டு காலும் ஊன்றினால் ஒழிய அப்படிப் போக முடியாது. ஃபிரேம்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். மனம் நிறைந்தது, கூடவே ஓரத்தில் எங்கோ இற்று விழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சுற்றி வந்தவள் அவர் பக்கம் வந்ததும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபிசியோ பெண் அடுத்த பக்கத்தில் மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

"என்னம்மா? வலிக்குதா?"

"இல்ல. அன்னிக்கு நீங்க மாமாகிட்ட பேசினது கேட்டுச்சு. ஜன்னல் தெறந்துதான் இருந்துச்சு."

அவர் வால்வைப் பிடித்துக்கொண்டார். அதைப் பிடிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

"நீங்க சொல்லாம இருந்து, யாருக்கும் ஒண்ணும் ஆகாம இது சாஞ்சிருந்தா, நான் உங்ககூட வந்திருப்பேன்ல?"

"வந்திருப்பம்மா."

"கட்டில எல்லாம் ஒசத்தி வெச்சிருக்கீங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருப்பீங்க." அவள் நெற்றியில் ஒட்டிய முடியை ஈரக்கையால் ஒதுக்கினாள். "அப்பறம் என்னிக்காவது ஒரு நாள் நீங்களே என்கிட்ட சொல்லியிருப்பீங்க. உங்களால மனசுல வெச்சுக்க முடியாது."

"ஆமா."

"அன்னிலேருந்து நான் உங்ககிட்ட பேசியிருக்க மாட்டேன்பா."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அவளைத் தெரியும், அவள் சொன்னால் சொன்னதுதான். பக்கத்து அறையில் மகள் இருந்தும் பேச்சு இல்லாத ஒரு வீடு அவர் கண் முன்னால் வந்து போனது. அதோடு ஒப்பிட்டால், தன்னந்தனியாக இருக்கிற வீடு ஒன்றும் அவ்வளவு வெறும் வீடு இல்லை.

விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"நேரமாகுது, அந்தப் பொண்ணு கூப்பிடுது பாரு" என்றார். "நட."

அவள் நடந்தாள்.